காற்றைக் கணக்கெடுத்தவர்கள்

"மகன் என்ன படிக்கிறான்?" என்று அயல்வீட்டார் கேட்டால், நம்மவர் மகிழ்ச்சியோடு விடையளிக்கக்கூடிய படிப்புகள் இரண்டோ மூன்றோதான். வைத்தியம் என்றாற் கேட்டவர் தலையசைப்பார். பொறியியல் என்றாலும் அசைப்பார். கணக்கியல் என்றால், "அதுவும் நல்லதுதான்" என்பார். "காற்றிலே கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறான், நாற்பத்தேழு வருடமாக அதையேதான் அளக்கிறான்" என்று ஒரு தாய் சொன்னால், பிள்ளைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்றெண்ணி, வந்தவர் அனுதாபத்தோடு விடைபெற்றுச் செல்வார்.

அத்தகைய பிள்ளை ஒருவர் அமெரிக்காவிலே இருந்தார். அவர் பெயர் சாள்ஸ் டேவிட் கீலிங். அவர் அளந்த அளவுகளை ஒன்றின்பின் ஒன்றாகக் குறித்து வரைந்த கோடு, இன்று வாஷிங்டன் நகரிலுள்ள தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சுவரிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. உலகம் வெப்பமேறுகிறது என்று நம் பிள்ளைகள் பாடசாலையிற் படிக்கும் பாடத்துக்கெல்லாம் அந்தக் கோடே முதற் சாட்சி. அக்கோடு பிறந்த இடத்தையும், அங்கே பணியாற்றிய சிலருடைய வாழ்க்கையையும் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம்

கலிபோர்ணியா மாநிலத்தின் தென்கோடியிலே, சான் டியேகோ நகரையடுத்து, லா ஹோயா என்னுங் கடற்கரைப் பகுதி உளது. அங்கேயுள்ள ஸ்கிறிப்ஸ் சமுத்திரவியல் நிலையம் 1903ஆம் ஆண்டிலே ஆரம்பமாயிற்று. வில்லியம் றிட்டர் என்னும் விலங்கியற் பேராசிரியர், ஒரு ஹோட்டலுக்குச் சொந்தமான படகுக் கொட்டிலிலே கடல்வாழ் உயிர்களை ஆராயத் தொடங்கினார். எலன் பிறவுணிங் ஸ்கிறிப்ஸ் என்ற செல்வப் பெண்மணியும் அவருடைய சகோதரரும் பொருள் உதவினர். அக்குடும்பத்தின் செல்வம் பத்திரிகைத் தொழிலிலே சம்பாதித்தது. பத்திரிகை ஒன்றில் எழுதும்போது இதனைச் சற்றே பெருமையுடன் சொல்லத் தோன்றுகிறது. 1912ஆம் ஆண்டிலே நிலையம் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1925இலே இன்றைய பெயரைப் பெற்றது.

ஒரு பெண்மணியின் கொடையால் வளர்ந்த அந்நிலையம், பெண் விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் கதவை முழுதாகத் திறந்து விடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஈஸ்ரர் எலன் கப் என்பவர் 1934இலே அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலே சமுத்திரவியலிற் கலாநிதியான முதற் பெண் அவரே. கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத தாவரங்களை ஆராய்ந்தவர். சில ஆண்டுகளிலே அவருடைய பதவி பறிபோயிற்று. பின்னர் பாடசாலை ஆசிரியையாக வாழ்ந்தார். அவர் எழுதிய பெருநூல் 1943இலே வெளியாகி, அத்துறையினரின் மேசைகளிலே பல்லாண்டு காலம் இருந்தது. எழுதியவரோ வகுப்பறையிலே கரும்பலகையின் முன் நின்றார்.

கடல் விழுங்குமா?

1950ஆம் ஆண்டுகளிலே அந்நிலையத்தின் தலைவராயிருந்தவர் றொஜர் றெவெல். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், எந்தக் கூட்டத்திலும் மற்றவர்களை இணங்கச் செய்யும் நாவன்மையும் உடையவர். அக்காலத்து அறிஞரிற் பெரும்பாலார் ஒன்றை நம்பியிருந்தனர். நிலக்கரியையும் பெற்றோலையும் எரிப்பதால் எழும் காபனீரொட்சைட்டு (நம் மூத்தோர் கரியமில வாயு என்றது இதனையே) முழுவதையும் கடல் விழுங்கிவிடும். காற்றிலே அது தங்காது. ஆகவே கவலைக்கிடமில்லை என்பதே அந்த நம்பிக்கை. கடல் அவ்வளவு பெரிது. காற்றிலுள்ளதைப்போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு காபன் ஏற்கெனவே அதிற் கரைந்து கிடக்கிறது. ஆகவே நம்பிக்கை நியாயமானதாகவே தோன்றிற்று.

றெவெலும் அவருடைய துணைவர் ஹான்ஸ் சூயெஸ் என்பவரும் 1957இலே வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்தது. சூயெஸ் வியன்னா நகரத்தவர். பழைய தென் கண்டத்துக்குக் கொண்டுவானா என்று பெயரிட்ட எட்வாட் சூயெஸின் பேரன் என்றால், புவியியல் படிக்கும் மாணவர்களுக்கு உடனே விளங்கும். மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, நிலத்தின் கீழிருந்து தோண்டியெடுத்து எரித்த பழைய காபன் ஏற்கெனவே காற்றிற் கலந்துவிட்டது என்பதை அவர் காட்டியிருந்தார். றெவெல் கடல்நீரின் இரசாயனத்தைக் கணக்கிட்டார். கடல் வாயுவை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஏற்றவுடன் நீரின் இரசாயனச் சமநிலை மாறி, மேலும் ஏற்பதைத் தடுக்கிறது. முன்வாயிலால் மண்டபத்தில் நுழைந்தோரிற் பெரும்பாலார் இருக்க இடமின்றிப் பின்வாயிலால் வெளியேறுவது போன்றது இது. ஆகவே எரித்ததன் ஒரு பகுதி காற்றிலேயே தங்கக்கூடும்.

"தங்கக்கூடும்" என்பது வேறு. "தங்குகிறது" என்பது வேறு. தங்குகிறதா என்றறிய அளந்து பார்க்கவேண்டும். அக்காலத்து அளவுகளோ ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஒருவர் கண்ட அளவு இன்னொருவர் கண்டதைப்போல இரு மடங்காயிருந்ததும் உண்டு. அளக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

காட்டிலே படுத்த இளைஞன்

கீலிங் 1928இலே பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிறான்ரன் நகரிலே பிறந்தவர். இரசாயனவியல் படித்துக் கலாநிதியானார். பிளாஸ்ரிக்குகள் பெருகிவந்த காலம் அது. கிழக்குக் கரையின் பெரிய இரசாயனக் கம்பனிகள் அவருக்கு வேலை தரக் காத்திருந்தன, நல்ல சம்பளம். ஆனால், பனியாறுகளைப் பற்றிய புவிச்சரிதவியல் நூலொன்றைப் படித்து, மலைகளிலே மனத்தைப் பறிகொடுத்திருந்த அவர் கம்பனிகளை விடுத்து, மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் புவிச்சரிதவியற் பகுதிகளுக்குக் கடிதமெழுதினார். கலிபோர்ணியாத் தொழில்நுட்பக் கழகத்திலே இடம் கிடைத்தது. அவருடைய பெற்றோர் என்ன சொன்னார்களோ தெரியாது. நம் வீடுகளில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது தெரிந்ததே.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சிக்குக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைத் திருத்தமாக அளப்பது அவசியமாயிற்று. அதற்கான கருவி எங்கும் விற்பனைக்கில்லை. 1916இல் வெளிவந்த பழைய கட்டுரையொன்றைப் பார்த்து, கண்ணாடிக் குழாய்களும் இரசமும் கொண்டு தாமே ஒரு கருவியை அமைத்தார். காற்றைத் திரவ நைதரசனாற் குளிர்வித்தால் காபனீரொட்சைட்டு உறைந்து நிற்கும். அதைப் பிரித்தெடுத்து மீண்டும் வாயுவாக்கி, அது தரும் அமுக்கத்தை இரசத்தின் உயரத்தால் அளந்தார். மிகவும் பொறுமை வேண்டும் வேலை. சிறிது கவனம் பிசகினாலும் அளவு பிழைத்துவிடும்.

1955இலே, மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு, கடலோரத்துப் பிக் சேர் காட்டுக்குச் சென்றார். கூடாரமடித்துத் தங்கி, இரவும் பகலும் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து, காற்றகற்றிய கண்ணாடிக் குடுவைகளைத் திறந்து காற்றைப் பிடித்து மூடினார். நடுச்சாமக் குளிரிலும் அந்த வேலை நிற்கவில்லை. அத்தனை முறை எடுக்கும்படி அவரை யாரும் பணிக்கவில்லை. அவருடைய ஆராய்ச்சிக்கு அது வேண்டியதும் இல்லை.

பயன் என்ன? இரவிலே, மரங்களும் மண்ணும் விடும் மூச்சு நிலத்தையொட்டித் தேங்குகிறது. வாயுவின் அளவு கூடுகிறது. பகலிலே வெயிலேறி, நிலத்துக் காற்று மேலெழுந்து உயரத்துக் காற்றோடு கலக்கிறது. எனவே பிற்பகல் அளவு அந்தக் காட்டுக்கு மட்டும் உரியதன்று. அந்தப் பிரதேசத்து வானம் முழுவதற்கும் உரியது. காட்டிலும், மலையிலும், பாலையிலும் பிற்பகலில் எடுத்த காற்று ஒரே அளவைக் காட்டிற்று. பத்து இலட்சம் பங்கு காற்றிலே சுமார் 310 பங்கு. இடத்துக்கிடம் மாறும் என்று எல்லோரும் நினைத்திருந்த ஒன்று, உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றேயாக இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அப்பொழுதுதான் உண்டாயிற்று.

நிலவறையும் கடற்காற்றும்

1957ஆம் ஆண்டு சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு ஆரம்பமாகவிருந்தது. அமெரிக்க வானிலைப் பகுதியைச் சேர்ந்த ஹரி வெக்ஸ்லர் என்பவர், கீலிங்கைத் தமது பகுதிக்கு அழைத்தார். வாஷிங்டனிலே வேலை செய்வதற்குக் காட்டப்பட்ட இடம் இருளடைந்த ஒரு நிலவறை. றெவெலும் ஸ்கிறிப்ஸ் நிலையத்துக்கு அழைத்தார். அங்கே சென்ற அன்று மதிய உணவு, வெயிலும் கடற்காற்றும் வீசும் வெளியிலே பரிமாறப்பட்டது. கீலிங் ஸ்கிறிப்ஸைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பெரிய காரியங்கள் சில சமயம் இவ்வளவு சிறிய காரணங்களாலும் தீர்மானமாகின்றன.

தலைவருக்கும் புதியவருக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. உலகின் பல இடங்களிலே கப்பலாலும் விமானத்தாலும் ஒருமுறை அளந்துவைத்து, இருபது ஆண்டுகளின்பின் மீண்டும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்பது றெவெலின் எண்ணம். ஒரே இடத்திலே, இடைவிடாது, விலையுயர்ந்த கருவியால் அளக்கவேண்டும் என்பது கீலிங்கின் பிடிவாதம். வெக்ஸ்லரின் உதவியாற் பிடிவாதமே வென்றது.

ஹவாய்த் தீவிலே மௌனா லோவா என்னும் எரிமலை. அதன் சரிவில் ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்திலே ஒரு சிறிய அவதான நிலையம். சுற்றிலும் புல்பூண்டற்ற கரும்பாறை. பசுபிக் சமுத்திரத்தைக் கடந்துவரும், ஊர்ப்புகை கலவாத காற்று. செந்நிறக்கீழ்க் கதிரைக் காற்றினூடு செலுத்தி, அதிலே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு அளக்கும் கருவி அங்கே நிறுவப்பட்டது. 1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் திகதி அது காட்டிய முதல் அளவு 313. தென்துருவத்திலும் அளவெடுப்பு ஆரம்பமாயிற்று.

முதல் மாதங்களிலே குழப்பமே மிஞ்சியது. அளவு ஏறிற்று, இறங்கிற்று, மின்சாரம் தடைப்பட்டுக் கருவி நின்றது. கருவியே பழுதோ என்று கீலிங் அஞ்சினார். ஓராண்டு நிறைந்தபின் உண்மை துலங்கிற்று. மே மாதத்திலே உச்சம், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலே தாழ்வு, மீண்டும் ஏற்றம். வட கோளத்திலே நிலப்பரப்பும் காடும் மிகுதி. அக்காடுகள் வேனிலிலே தளிர்த்து வளரும்போது காற்றிலுள்ள வாயுவை உள்ளிழுக்கின்றன. இலையுதிர்ந்து மக்கும்போது வெளிவிடுகின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்கொருமுறை மூச்செடுத்து விடுகிறது! அந்த மூச்சை முதன்முதலாகத் தாளிலே கண்ட மனிதர் கீலிங்.

இரண்டாம் ஆண்டின் வளைவு முதலாண்டின் வளைவைப் போலவே இருந்தது. ஆனால் சற்று மேலே. மூன்றாம் ஆண்டு இன்னுஞ் சற்று மேலே. 1960இலேயே அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். கடல் முழுவதையும் விழுங்கவில்லை. 1965இலே அமெரிக்க ஜனாதிபதிக்கு அளிக்கப்பட்ட விஞ்ஞான ஆலோசகர் அறிக்கையிலே, றெவெல் தலைமையிற் கீலிங்கும் வேறு சிலரும் எழுதிய பகுதி இந்த வாயுவைப் பற்றியதாகும்.

வருடத்துக்கு இரண்டு கண்டுபிடிப்பு

இவ்வளவு தெரிந்தபின் பணத்துக்குக் குறைவிராது என்று வாசகர்கள் எண்ணலாம். நடந்தது வேறு. 1964இலே அரசாங்கச் செலவு குறைக்கப்பட்டபோது மௌனா லோவாவில் அளவெடுப்பு நின்றது. அட்டவணையிலே அவ்வாண்டின் பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கான கட்டங்கள் இன்றும் வெறுமையாகவே கிடக்கின்றன. போன மாதத்துக் காற்றை இந்த மாதம் அளக்க முடியாதல்லவா?

பின்னரும் தொல்லை தீரவில்லை. ஒரே பொருளை ஆண்டுதோறும் அளப்பது ஆராய்ச்சியன்று, வழமையான வேலை என்றனர் பணம் வழங்கும் அதிகாரிகள். வருடத்துக்கு இரண்டு கண்டுபிடிப்பாவது காட்டவேண்டும் என்று ஒரு கட்டத்திற் கீலிங்குக்குச் சொல்லப்பட்டதாம்! தென்னம்பிள்ளை நட்டவனிடம் மாதமொரு குலை கேட்டதற்கு ஒப்பாகும் இது. 1974 முதல் அரசாங்கப் பகுதியொன்று அதே மலையிலே தானும் அளக்கத் தொடங்கியது. அப்படியானால் இரண்டு எதற்கு என்ற கேள்வி எழுந்தது. ஒன்று பிழைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும் என்பது கீலிங்கின் மறுமொழி. அதிகாரிகளை முற்றாகக் குறைகூறவும் இயலாது. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டியவர்கள் அவர்கள். ஆயினும் இருபது ஆண்டு அளவை ஐந்தாண்டு அளவைப் போல நான்கு மடங்கு என்று கணிப்பது தவறு. ஐந்தாண்டு அளவிலே தென்படாத பல விஷயங்கள் இருபதாண்டு அளவிலே தென்படுகின்றன. இதை விளங்கவைப்பதிலே கீலிங்கின் வாழ்நாளிற் பெரும்பகுதி கழிந்தது. விண்ணப்பம் எழுதாத ஆண்டு அவருக்கு இல்லை.

ஐந்து பிள்ளைகளின் தந்தை. பியானோ வாசிப்பதில் வல்லவர். பல்கலைக்கழகத்திலே பழைய ஐரோப்பிய இசையைப் பாடும் குழுவொன்றை நிறுவி நடத்தியவர். 2002இலே ஜனாதிபதி கையால் தேசிய விஞ்ஞானப் பதக்கம் பெற்றார். 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20ஆம் திகதி, தாம் விரும்பிய மலைநாடான மொன்ரானாவிலே, 77ஆம் வயதிற் காலமானார். அவ்வேளை அவருடைய கருவி காட்டிய அளவு 380ஐ எட்டியிருந்தது.

கசிந்த வாயுவிற் பிறந்த விஞ்ஞானி

அதே நிலையத்திற்கு 1990இலே வந்து சேர்ந்தவர் ஒரு தமிழர். வீரபத்திரன் இராமநாதன் 1944இலே தென்னிந்தியாவிற் பிறந்தார். தந்தையார் மோட்டார்க் கார் ரயர் விற்பனை செய்தவர். பதினொரு வயதிலே குடும்பத்தோடு பெங்களூருக்குச் சென்றபோது, தமிழிலே படித்துவந்த சிறுவன் திடீரென ஆங்கில வகுப்பிலே அமர நேர்ந்தது. ஆசிரியர் சொல்வது விளங்கவில்லை. ஆசிரியரைக் கேட்கும் வழக்கமே தம்மைவிட்டுப் போயிற்று என்றும், எதனையும் தாமே யோசித்து அறிய வேண்டியதாயிற்று என்றும் அவர் பிற்காலத்திலே கூறியிருக்கிறார். வகுப்பிலே பின்வாங்கில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லும் நம்மில் சிலர் இதனைக் கவனிக்கவேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பொறியியல் படித்தார். முதல் வேலை செக்கந்தராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கம்பனியில். பெட்டியைக் குளிர்விக்கும் குளோரோபுளோரோகாபன் என்ற வாயு கசிந்து போகாமல் தடுப்பது அவர் கடமை. விருப்பமற்ற வேலை. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திலே மேற்படிப்பு முடித்து, 1970இலே அமெரிக்கா சென்றார். பெரிய இம்பாலாக் கார் ஒன்று வாங்கவேண்டும் என்ற ஆசையும் அப்பயணத்திலே கலந்திருந்தது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்பவர் அவர். நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்திலே, பொறியியல் ஆராய்ச்சிக்கென்று போய்ச் சேர்ந்தவருக்கு, அவருடைய பேராசிரியர் துறை மாறி வெள்ளி, செவ்வாய்க் கிரகங்களின் வளிமண்டலத்தை ஆராயத் தொடங்கிவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது. மாணவரும் துறை மாறினார்.

1974இற் கலாநிதியானார். அதே ஆண்டிலே, குளோரோபுளோரோகாபன் மேல்வானத்து ஓசோன் படையை அழிக்கும் என்று மொலினா, றோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் அறிவித்தனர். பழைய வேலையின் பெயர் காதில் விழுந்ததும் இராமநாதனுக்கு ஒரு கேள்வி எழுந்தது. இவ்வாயு வெப்பத்தையும் பிடித்து வைக்குமா? பூமி வெளிவிடும் வெப்பத்திலே ஒரு பகுதி, நீராவியும் காபனீரொட்சைட்டும் மறைக்காத திறந்த யன்னல் போன்ற ஒரு வழியால் விண்வெளிக்குச் செல்கிறது. குளோரோபுளோரோகாபன் சரியாக அந்த யன்னலையே அடைக்கிறது. ஒரு மூலக்கூற்றை ஒரு மூலக்கூற்றோடு ஒப்பிட்டால், காபனீரொட்சைட்டைப் போலப் பதினாயிரம் மடங்குக்கு மேல் வலியுடையது! 1975இலே இது வெளியானபோது, பெரிய விஞ்ஞானிகளும் நம்பத் தயங்கினர். உலக வெப்பம் காபனீரொட்சைட்டு ஒன்றின் விஷயம் என்ற எண்ணம் அன்றோடு மாறிற்று. ஓசோனைக் காக்க 1987இலே மொன்றியலில் நாடுகள் செய்த உடன்படிக்கை இவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தியதனால், உலக வெப்பத்தையும் ஓரளவு தணித்தது. அவற்றுக்கு மாற்றாக வந்த வாயுக்களுள் வெப்பத்தை மிகுதியாகப் பிடிப்பவையும் 2016இலே கிகாலி நகரத்து உடன்பாட்டால் அந்த ஒப்பந்தத்துள் வந்தன.

வாடைக்காற்றிலே வந்த புகை

1999ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இராமநாதனும் நோபெல் பரிசு பெற்ற போல் குறூற்சனும் தலைமை தாங்க, இருநூறுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் மாலைதீவிலே தளம் அமைத்து, விமானங்களாலும் கப்பல்களாலும் இந்து சமுத்திரத்து வானத்தை ஆராய்ந்தனர். வாடைக்காற்று வீசும் மாதங்கள் அவை. நமக்குப் பழகிய அந்தக் காற்று, பெருநிலத்து வாகனப் புகையையும், ஆலைப் புகையையும், விறகுப் புகையையும் சுமந்துகொண்டு தெற்கே வருகிறது. ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தடிப்புடைய கபிலநிறப் புகைப்படலம் கடலின்மேற் கவிந்து கிடப்பதை அவர்கள் கண்டனர். அப்படலம் கடலை அடையும் வெயிலிற் சுமார் பத்திலொரு பங்கைத் தடுத்தது. வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவதும் குறையும். அதனால் மழையும் மாறக்கூடும். புகையிலுள்ள கரித்துகளோ வெயிலை உறிஞ்சி வானத்தைச் சூடாக்குகிறது.

இங்கே இராமநாதனின் ஆராய்ச்சி நம் குசினி வரை வந்துவிடுகிறது. கிராமத்திலே தமது பாட்டியார் அடுப்பூதிச் சமைக்கையில் இருமியதை அவர் நினைவுகூர்வதுண்டு. காவோலையும் பொச்சுமட்டையும் எரித்து, ஊதுகுழலோடு கண்ணீர் வடித்த தாய்மாரை நாம் மட்டும் அறியோமா? அந்தப் புகை கூரையோடு நின்றுவிடுகிறது என்று எண்ணியிருந்தோம். ஆனால் இதிலே ஒரு நல்ல செய்தியும் உண்டு. காபனீரொட்சைட்டு நூற்றாண்டுக் கணக்கிலே காற்றில் நிலைக்கும். கரித்துகளோ சில நாட்களிலோ வாரங்களிலோ மழையோடு இறங்கிவிடும். புகையைக் குறைத்தால் பலன் உடனே தெரியும். தாய்மாரின் நெஞ்சும் தப்பும். இதை மெய்ப்பிக்க, உத்தரப் பிரதேசத்துக் கிராமமொன்றிலே புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்து, வீட்டுக்குள்ளும் வெளியிலும் கரித்துகளை அளக்கும் சூரியா என்னுந் திட்டத்தை அவர் நடத்தினார். எந்த அடுப்பானாலும் பழுதானாற் பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்புவர் என்பதும் அங்கே கற்ற பாடங்களுள் ஒன்று. ஆய்வுகூடத்திலே அதைக் கற்க முடியாது.

தந்தை விட்ட இடம்

கீலிங்கின் மைந்தருள் ஒருவரான றால்ஃப் கீலிங், தந்தை அளந்ததை விடுத்து ஒட்சிசனை அளக்கத் தொடங்கினார். பத்து இலட்சம் பங்கு காற்றிலே ஏறத்தாழ 2,09,500 பங்கு ஒட்சிசன். அதிலே நாலைந்து பங்கு குறைவதைக் கண்டுபிடிக்கவேண்டும். பெரிய நெற்குவியலிலே சில மணிகள் குறைந்ததை அறிவது போன்ற அவ்வேலை இயலாதது என்றே பலர் கருதினர். 1988இலே ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் அமைத்த கருவி அதைச் செய்தது. எரிபொருள் எரியும்போது ஒட்சிசன் செலவாகிறது. அது குறைவதையும் காபனீரொட்சைட்டு கூடுவதையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், கடல் உறிஞ்சியது எவ்வளவு, காடு உறிஞ்சியது எவ்வளவு என்று பிரித்தறியலாம். (ஒட்சிசன் தீர்ந்துவிடும் என்று யாரும் அஞ்சவேண்டியதில்லை.) 1993இலே ஸ்கிறிப்ஸ் நிலையத்திற் சேர்ந்த அவர், 2005இலே தந்தையாரின் அளவெடுப்பையும் பொறுப்பேற்றார். அதனோடு விண்ணப்பம் எழுதும் வேலையும் அவர் தலையிலே விழுந்தது. மௌனா லோவாவின் அளவு முதன்முறையாக 400ஐத் தொட்ட 2013ஆம் ஆண்டிலேதான், அளவெடுப்பைத் தொடரப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்க நேர்ந்தது.

2022ஆம் ஆண்டு நவெம்பர் மாத இறுதியிலே மௌனா லோவா கக்கியது. உருகிய பாறைக்குழம்பு பாதையையும் மின்கம்பிகளையும் மூடிற்று, கருவிகள் நின்றன. சில நாட்களுக்குள், எதிரேயுள்ள மௌனா கேயா மலைக்கு ஆட்கள் ஏறி, அங்கே காற்றெடுக்கத் தொடங்கினர். 1964இன் வெற்றுக் கட்டங்களை நினைத்தவர்களுக்கு அந்த அவசரம் விளங்கும். சில மாதங்களின்பின் பழைய இடத்திலும் அளவெடுப்பு மீண்டது. 2025 மே மாதத்தின் சராசரி அளவு 430ஐக் கடந்தது. அதே ஆண்டிலே அமெரிக்க அரசாங்கம் முன்வைத்த வரவுசெலவுத் திட்ட யோசனையொன்று, அந்த மலைநிலையத்துக்கு அரசு கொடுக்கும் பணத்தை நிறுத்திவிடும்படி கூறிற்று.

குடுவையிலே காற்றெடுக்கும் முறை கீலிங்கின் காலத்ததுதான். எடுப்பவர் காற்று வீசும் திசையை நோக்கி நிற்பார். குடுவையைத் தம் உடலுக்கு முன்னே, எட்டியமட்டும் தள்ளிப் பிடிப்பார். தமது மூச்சிலும் காபனீரொட்சைட்டு இருப்பதால், மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் திறப்பார். காற்று உள்ளே நிறைந்ததும் மூடி, திகதியையும் நேரத்தையும் குறித்துவிட்டு, அதன்பிறகே மூச்சு விடுவார்.